எண்ணும் கூலியும்: அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டத்திற் புள்ளிவிபரத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1889 ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியிற் கொழும்புக்கு வந்திறங்கிய அமெரிக்க ஆட்டக்காரர் குழுவொன்று, இந்நாட்டார் அதுவரை அறிந்திராத பேஸ்போல் ஆட்டத்தினை ஆடிக்காட்டிவிட்டு எகிப்துக்குப் புறப்பட்டுச் சென்றது. சிக்காகோக் கழகத்தின் தலைவரும் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளருமான அல்பேட் ஸ்போல்டிங், தமது பந்துகளுக்கும் மட்டைகளுக்கும் உலகச் சந்தை தேடி ஒழுங்குசெய்த சுற்றுலா அது. அக்குழுவில் ஜோன் மொன்ற்கொமறி வோட் என்பாரும் இருந்தார். சட்டம் பயின்றவர், 1885 இற் தொழில்முறை ஆட்டக்காரரின் முதற் சங்கத்தைத் தோற்றுவித்தவர், ஆட்டக்காரர் உடைமைப் பொருளா என வினவி 1887 இற் கட்டுரை எழுதியவர். அவர் கடல் கடந்திருந்த வேளையிலேயே, 1888 இன் பிற்பகுதியில், தேசிய லீக்கின் உடைமையாளர்கள் கூடி ஒரு திட்டத்தை நிறைவேற்றினர். ஆட்டக்காரர் யாவரும் ஐந்து தரங்களாக வகுக்கப்படுவர். முதற் தரத்தினர் ஆண்டுக்கு 2,500 டொலர் பெறுவர். இறுதித் தரத்தினர் 1,500 டொலர் பெறுவர். தரத்தை நிர்ணயிப்பதிற் திறமையோடு நடத்தையும் சிரத்தையும் கவனிக்கப்படும் என்பன அதன் சாரம். சுற்றுலாவின் நடுவழியிற் செய்தியறிந்த வோட் ஏனையோருக்கு முன்னதாகவே நாடு திரும்பினார். 1890 இல் ஆட்டக்காரர்கள் தமக்கெனத் தனி லீக் ஒன்றினை அமைத்தனர். அது ஓராண்டே நிலைத்தது.

விளையாட்டுத்துறையிற் தரவுப் பகுப்பாய்வு என இன்று பெருவழக்காகப் பேசப்படுவதன் வரலாற்றை நாம் இந்நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணினியின் வருகையோடு பிறந்த புதுமையாக, அறியாமையை அறிவு வென்ற கதையாக அது பொதுவிற் சித்திரிக்கப்படுகின்றது. ஆட்டக்காரரை அளவிடல், தரப்படுத்தல், விலைமதித்தல் என்னும் மூன்றும் கணினிக்கு நெடுங்காலம் முந்தியவை. எந்தக் காலகட்டத்தில், யாருடைய தேவைக்காக, எவ்வளவு நுணுக்கமாக அளவிடல் நிகழ்ந்தது என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாவாகும். இலக்கிய மாணவர்களாகிய எமக்கு இதில் என்ன வேலை எனக் கேட்போர் இருக்கலாம். சீ. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இற் கிரிக்கட் பற்றி எழுதிய நூல், விளையாட்டை விலக்கிவிட்டு ஒரு சமூகத்தின் பண்பாட்டைப் பேசமுடியாதென்பதை நிறுவியுள்ளது. அதற்குமேற் சமாதானம் கூறவேண்டியதில்லை.

பேஸ்போலின் புள்ளிவிபர மரபைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் ஹென்றி சட்விக் 1824 இல் இங்கிலாந்தில் எக்ஸ்ற்றர் நகரிற் பிறந்து, இளமையில் அமெரிக்கா சென்று குடியேறியவர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கட் செய்தி எழுதியவர். 1850களின் பிற்பகுதியில், கிரிக்கட்டின் புள்ளி அட்டையைத் தழுவி, பேஸ்போல் ஆட்டமொன்றினை ஒரு சிறு அட்டவணைக்குள் அடக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஆட்டத்தைக் காணாதவரும் மறுநாட் காலையில் ஒவ்வொருவரின் வரவையும் செலவையும் வாசித்தறியக் கூடியதாயிற்று. அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் எட்வின் சட்விக் என்பது சுவையான செய்தி. பெந்தாமின் சீடரும், 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தை வரைந்தோருள் ஒருவரும், உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி 1842 இல் அறிக்கை வெளியிட்டவருமான அதே எட்வின் சட்விக்தான். ஒருவர் ஏழைகளை எண்ணினார், மற்றவர் ஆட்டக்காரரை எண்ணினார் என எளிதாக முடிச்சுப் போடுவது எமது நோக்கமன்று. ஆயினும், எண்ணி அட்டவணைப்படுத்தினால் மனித நடத்தையைச் சீர்ப்படுத்தலாம் என்னும் நம்பிக்கை ஒரு வர்க்கத்தின், ஒரு காலத்தின் பொதுச் சொத்தாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. தொழிற்சாலையில் உழைப்பை வினாடிக் கணக்கில் அளந்த ஃபிரெடறிக் ரெயிலரே 1881 இல் அமெரிக்க ரெனிஸ் இரட்டையர் போட்டியில் வென்றவர் என்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

சட்விக்கின் அட்டவணை நடுநிலையானதன்று. கிரிக்கட் அறிந்த எமது வாசகர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பேஸ்போலில் எறிபவர் நான்கு பந்துகளை நெறிதவறி எறிந்தால், துடுப்பாளர் அடிக்காமலே முதலாந் தளத்துக்கு நடந்து செல்லலாம். கிரிக்கட்டின் அகலப்பந்துக்கு ஓரளவு ஒப்பானது இது. சட்விக்கின் நோக்கில் இது எறிபவரின் தவறு, துடுப்பாளரின் சாதனையன்று. எனவே அது அடிச் சராசரியிற் சேரவில்லை. 1887 ஆம் ஆண்டு மாத்திரம் அதனை அடியாகக் கணக்கிட்டுப் பார்த்துக் கைவிட்டனர். பொறுமையாக நின்று, தீய பந்தை விட்டுக்கொடுத்துத் தளமடைவது உழைப்பாகாது. ஓங்கி அடிப்பதே உழைப்பு என்னும் அறவியற் தீர்ப்பொன்று எண்ணாக உறைந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் இயற்கை உண்மைபோல வழங்கிவந்தது. இதனைப் பின்னர் மீண்டும் சந்திப்போம். சட்விக் 1881 முதல் 1908 இல் இறக்கும்வரை பதிப்பித்த ஆண்டு வழிகாட்டி ஸ்போல்டிங்கின் பெயரிலேயே வெளிவந்தது. பந்தை விற்றவரே பதிவேட்டின் வெளியீட்டாளரும் ஆனார்.

எண்கள் இவ்வாறு பெருகியபோதிலும் அவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கழகங்களின் முகாமைத்துவத்தை ஆழமாகத் தொடவில்லை என்பதே ஆய்வுக்குரிய விடயம். பத்திரிகைகள் அவற்றை அச்சிட்டன. சிறுவர்கள் மனனஞ் செய்தனர். கழகங்களோ முதிய தேர்வாளரின் கண்ணையும் அனுபவத்தையுமே நம்பின. இதனை மரபுவாதம், மடமை என விளக்குவோர் உளர். எமக்கு வேறொரு விளக்கம் பொருத்தமாகப் படுகின்றது. 1879 இல் ஐந்து ஆட்டக்காரரைக் குறித்துத் தொடங்கிப் பின்னர் யாவரையும் உள்ளடக்கிய ஒதுக்கீட்டு விதியின்படி, ஆட்டக்காரர் ஒருவர் தம் கழகத்துக்கே கட்டுப்பட்டவர். கழகம் அவரை விற்கலாம். அவர் தம் உழைப்பை வேறிடத்தில் விற்க முடியாது. உழைப்புச் சக்திக்குச் சந்தை இல்லாத இடத்தில் அதன் பெறுமதியைத் துல்லியமாகக் கணிக்கவேண்டிய தேவையும் இல்லை. மலிவான ஒன்றை யாரும் நுண்தராசில் நிறுப்பதில்லை.

விதிவிலக்காகத் தோன்றும் பிராஞ்ச் றிக்கியும் இக்கூற்றையே உறுதிப்படுத்துகின்றார். ஆட்டக்காரரைச் சிறு கழகங்களில் வளர்த்து மிகையானோரை விற்கும் முறையை வகுத்தவர் அவர். விற்பவருக்கு விலை தெரிந்திருக்கவேண்டும். புறூக்ளின் கழகத்தில் 1947 இல் மொன்றியலைச் சேர்ந்த அலன் றொத் என்னும் புள்ளிவிபரவியலாளரை முழுநேர ஊழியராக அவர் அமர்த்தினார். எறியப்பட்ட ஒவ்வொரு பந்தையும் றொத் பதிவுசெய்தார். தளமடையும் வீதம் அடிச் சராசரியிலும் முதன்மையானது என்னும் முடிவு அவர்களுக்கு அப்பொழுதே தெரிந்திருந்தது. 1954 இல் றிக்கி அதனை ஒரு பொதுச் சஞ்சிகையிலே வெளியிட்டுமிருந்தார். அரை நூற்றாண்டுக் காலம் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே.

அதே 1947 ஏப்பிறிலில், அதே றிக்கியின் கழகத்தில், ஜக்கி றொபின்சன் நிறத்தடையை உடைத்து ஆடவந்தார். அவரை முன்னர் வைத்திருந்த கறுப்பினக் கழகத்துக்கு றிக்கி ஒரு சதமும் செலுத்தவில்லை. இதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் ஜோஷ் கிப்சன் இறந்துபோயிருந்தார். கறுப்பின லீக்குகளின் பெருந் துடுப்பாளர் அவர். அந்த லீக்குகளின் ஆட்டங்கள் அதிகாரபூர்வமான பதிவேட்டில் இடம்பெறவில்லை. 1920 முதல் 1948 வரையான ஏழு கறுப்பின லீக்குகள் பெரும் லீக்குகளே என 2020 டிசம்பரில் ஏற்கப்பட்டு, 2024 மே மாதத்தில் அவற்றின் எண்கள் பொதுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சனின் வாழ்நாள் அடிச் சராசரி 0.372 ஆகி, ரை கொப் என்பாரின் 0.367 ஐ இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. பதிவேட்டில் எவை எண்ணப்பட்டன என்பதைப் போலவே எவை எண்ணப்படவில்லை என்பதும் வரலாற்றுச் சான்றுதான்.

ஒதுக்கீட்டு விதியை உடைத்தவை ஆட்டக்காரரின் சங்கமும் அவர்தம் போராட்டமுமேயாகும். உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பொருளியலாளராகப் பணிபுரிந்த மார்வின் மில்லர் 1966 இல் ஆட்டக்காரர் சங்கத்தின் பொறுப்பை ஏற்றார். 1969 இற் தம்மை வேறொரு நகரக் கழகத்துக்கு மாற்றியதை ஏற்க மறுத்த கேட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரர், உயர் நீதிமன்றம்வரை சென்று 1972 இற் தோற்றார்; அவருடைய ஆட்ட வாழ்வும் அத்தோடு முடிந்தது. 1974 முதல் வேதனத் தகராறுகளை நடுத்தீர்ப்பாளர்கள் தீர்க்கும் முறை வந்தது. 1975 டிசம்பரில் நடுத்தீர்ப்பாளர் ஒருவரின் தீர்ப்பு ஒதுக்கீட்டு விதியைத் தகர்த்தது. அடுத்து ஏற்பட்ட உடன்படிக்கை, ஆறாண்டு சேவை முடித்தவர் தம் உழைப்பைச் சந்தையில் விற்கலாம் என வகுத்தது. 1976-77 குளிர்காலத்தில் அச்சந்தை முதன்முறையாகத் திறந்தது.

1977 இல், கன்சாஸ் மாநிலத்தின் லோறன்ஸ் நகரில், தகரத்திலடைத்த உணவு செய்யும் தொழிற்சாலையொன்றின் இரவுக் காவலாளியான பில் ஜேம்ஸ் என்பார் தமது முதற் புள்ளிவிபரத் தொகுப்பைத் தாமே அச்சிட்டு விற்றார். தனிமனித மேதைமையின் அற்புதமாகவே இது வழமையாகக் கூறப்படும். ஜேம்ஸின் கூர்மதியையும் அவரது உரைநடையின் நகைச்சுவையையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் 1947 இற் றொத்துக்குக் கிடைக்காத செவிகள் ஜேம்ஸுக்குப் படிப்படியாகக் கிடைத்தமைக்குக் காரணம், இடையில் உழைப்பின் விலை உயர்ந்தமையே. தொழிலாளர் தம்மை விடுவித்துக்கொண்ட அளவுக்கே மூலதனம் கணக்குப் பார்க்கத் தொடங்கியது.

அன்றியும், அக்காலத்தில் எண் உடைமையாளரின் ஏகபோகமாக இருக்கவில்லை. வேதன நடுத்தீர்ப்புகளில் ஆட்டக்காரர் தரப்பு முகவர்களுக்கு ஜேம்ஸ் உதவினார். தம் பெறுமதியை நிறுவ ஆட்டக்காரருக்கும் எண் தேவைப்பட்டது. பந்துக்குப் பந்து பதிவான விபரங்கள் வெளியாருக்குக் கிடைக்காதபோது, 1984 இல் ஜேம்ஸ் விடுத்த அழைப்பை ஏற்று ஆர்வலர் பலர் கூலியின்றி ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிவுசெய்தனர். கூட்டுழைப்பின் அழகிய எடுத்துக்காட்டு அது. பின்னர் அத்துறை வணிகக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. ஆயினும் 1989 இற் தொடங்கிய இன்னொரு முயற்சி, பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் திரட்டி யாவருக்கும் இலவசமாக வழங்கி வருகின்றது. எண்களை வெறுத்தொதுக்கும் கற்பனாவாத மனோபாவம் முற்போக்காளரிடையேயும் உண்டு. அதனோடு நாம் உடன்படுவதற்கில்லை.

எண் மீதான மோகம் வேறொரு பக்கமும் உடையது. றொபேட் கூவர் 1968 இல் வெளியிட்ட நாவலொன்றின் நாயகன் ஒரு கணக்காளன். பகலில் அலுவலகப் பேரேடுகளோடு மாய்ந்து, இரவிற் தன் வீட்டு மேசையிற் தாயம் உருட்டி, கற்பனையான பேஸ்போல் லீக் ஒன்றினை நடத்துகின்றான். அதன் புள்ளிவிபரங்களை ஆண்டாண்டாக எழுதிவைக்கின்றான். தாயம் விழுந்தவாறு அவனுக்குப் பிரியமான இளம் எறியாளன் இறந்துபோக, கணக்காளன் நிலைகுலைகின்றான். அந்நியமாதலின் இலக்கியப் பதிவாக அந்நாவலை வாசிக்கலாம். 1980 இல் நியூயோர்க்கின் உணவகமொன்றிற் கூடிய பத்திரிகையாளரும் நண்பர்களும், மெய்யான ஆட்டக்காரரின் எண்களை ஏலத்தில் எடுத்துத் தாமே உடைமையாளராக நடிக்கும் ஆட்டத்தைத் தொடக்கினர். அது பெருந்தொழிலாயிற்று. இரசிகன் ஆட்டக்காரனாகத் தன்னைக் கற்பனைசெய்த காலம் போய், முகாமையாளனாகக் கற்பனைசெய்யும் காலம் வந்தது. கருத்துநிலையின் வெற்றியென நாம் கொள்வது இதனையே.

இனி, யாவரும் அறிந்த ஓக்லண்ட் கதை. 2002 இல் ஏறத்தாழ 4 கோடி டொலர் வேதனச் செலவுடைய ஓக்லண்ட் கழகமும், அதன் மும்மடங்குக்கு மேற் செலவிட்ட நியூயோர்க் யாங்கீஸ் கழகமும் சமமாக 103 ஆட்டங்களில் வென்றன. ஓக்லண்டின் முகாமையாளர் பில்லி பீன், சட்விக் தள்ளிவைத்த அந்த நடையைக் கணக்கிற் சேர்க்கும் தளமடையும் வீதத்தைக் கொண்டு, சந்தை குறைத்து மதித்தோரை வாங்கினார். மைக்கல் லூயிஸ் 2003 இல் எழுதிய நூலும், 2011 இல் வந்த திரைப்படமும் இதனைப் புறக்கணிக்கப்பட்டோரின் எழுச்சியாகக் காட்டின. கதை இனிமையானது. ஆயினும் முழங்கை நரம்பு சிதைந்து வேண்டப்படாதிருந்த ஸ்கொற் ஹற்றபேர்க் தளமடைந்தமையால் மாத்திரம் அக்கழகம் 103 ஆட்டங்களில் வென்றுவிடவில்லை. அவ்வாண்டு 23 வெற்றிகள் பெற்ற எறியாளர் பரி சீற்றோவும், லீக்கின் அதிசிறந்த ஆட்டக்காரராகத் தெரிவான மிகேல் ரெஜாடாவும் ஆறாண்டுக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தவர்கள். டொமினிக்கன் குடியரசின் வறிய குடும்பமொன்றிலிருந்து வந்த ரெஜாடாவை அக்கழகம் 1993 இல் வெறும் 2,000 டொலர் கொடுத்து ஒப்பந்தஞ் செய்திருந்தது. கதைசொல்லிகளின் ஒளி இவர்கள் மீது அதிகம் விழவில்லை. விழுந்திருப்பின் அது வேறு கதையாகியிருக்கும்.

குறைத்து மதிக்கப்பட்ட உழைப்பைக் கண்டுபிடிப்பது, அதனை உரிய விலைக்கு உயர்த்துவதற்காக அன்று, உயருமுன் வாங்குவதற்காக. பொருளியலாளர் இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, தளமடையும் திறனுக்கான குறைவிலை 2004 அளவிலேயே மறைந்துவிட்டதெனக் காட்டியது. ஜேம்ஸை ஆலோசகராக அமர்த்திய பொஸ்டன் கழகம் அதே 2004 இல், 1918 இன் பின் முதன்முறையாக, உலகத் தொடரில் வென்றது. ஒரு குறைவிலை மறைய மூலதனம் அடுத்ததைத் தேடும். அது சேவைக் காலத்தில் அகப்பட்டது. 172 நாட்கள் ஓராண்டுச் சேவையாகக் கொள்ளப்படும். 2015 இற் சிக்காகோக் கழகம் தன் இளம் ஆட்டக்காரர் கிறிஸ் பிறையன்ற்றை முதற் சில ஆட்டங்களின் பின்னரே அழைத்தமையால் அவர் 171 நாட்களே பெற்றார். அவரது சந்தை உரிமை ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவர் தொடுத்த முறைப்பாடு 2020 இல் நிராகரிக்கப்பட்டது. நுண்கணிதம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை, நாட்காட்டியே போதுமாயிருந்தது.

இன்று ஆட்டக்காரரின் மதிப்பைச் சொல்லும் தலையாய எண், சாதாரண மாற்று ஆட்டக்காரரிலும் பார்க்க ஒருவர் தம் அணிக்கு எத்தனை வெற்றிகளை மேலதிகமாகத் தருகிறார் என்பதாகும். அந்த மாற்று ஆட்டக்காரர் யார்? சிறு லீக்குகளிற் காத்திருப்பவர். மிகக் குறைந்த வேதனத்துக்கு எந்நேரமும் அழைக்கக் கூடியவர். வேலையற்றோரின் சேமப்பட்டாளம் கூலியை நிர்ணயிப்பதில் வகிக்கும் பங்கை மார்க்ஸ் விளக்கியுள்ளார். அதனையே பூச்சியப் புள்ளியாகக் கொண்டு கூலியை அளக்கும் சூத்திரம் ஒன்று உருவாகுமென அவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்! 2021 இன் இறுதியில் உடைமையாளர்கள், நடுத்தீர்ப்பு முறையை ஒழித்து, ஒரு புள்ளிவிபர நிறுவனம் கணிக்கும் இவ்வெண்ணின்படியே வேதனத்தை வழங்கலாமென முன்மொழிந்தனர். 1888 இன் ஐந்து தரங்கள் மீண்டும் வந்தன. நடத்தை பற்றிய பேச்சு மாத்திரம் நீங்கியிருந்தது. சங்கம் ஏற்கவில்லை. கதவடைப்பின் பின் 2022 மார்ச்சில் ஏற்பட்ட உடன்படிக்கையில், இளம் ஆட்டக்காரருக்கென 5 கோடி டொலர் ஊக்கநிதி ஒதுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி இருதரப்பும் ஏற்ற சூத்திரமொன்றின்படி பகிரப்படுகின்றது. துண்டுக் கூலி தொழிலாளரிடையே போட்டியை வளர்ப்பது பற்றிய மார்க்ஸின் அவதானிப்பு இவ்விடத்துப் பொருந்துமா என்பதைக் காலம் காட்டும்.

2015 முதல் எல்லா மைதானங்களிலும் பொருத்தப்பட்ட ராடர்களும் கமராக்களும் பந்தின் சுழற்சியையும் எறிபவரின் ஒவ்வோர் அசைவையும் பதிந்துவருகின்றன. எறிபவர் இதனாற் பயனும் பெற்றனர். பிடியைச் சிறிது மாற்றிப் புதிய பந்தொன்றினைக் கற்று, முடிந்துபோன தம் வாழ்வை மீட்டோர் உளர். அதேவேளை, கணிதம் வேகத்தைப் பரிசளித்தது. 2008 இல் மணிக்கு 91.3 மைலாயிருந்த வேகப் பந்தின் சராசரி 2024 இல் 94.2 மைலாயிற்று. முழங்கைத் தசைநார் கிழிந்து மாற்றப்படும் அறுவைச் சிகிச்சைகள், பெரும் லீக்கிலும் சிறு லீக்குகளிலுமாக, 2010 இல் 104 ஆயிருந்து 2024 இல் 281 ஆயின. லீக் நிருவாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் தேடி ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு எறிவதே முதன்மைக் காரணமெனக் கூறியது. உழைப்பின் செறிவு கூட்டப்படும்போது தேய்வது இயந்திரமாயின் முதலாளி அதனைத் தேய்மானமாகக் கணக்கெழுதுவார். இங்கு தேய்வது இருபது வயது இளைஞனின் முழங்கை.

ஆட்டமும் இதனால் மாறியது. அடிக்கக்கூடிய பந்துகள் அருகின. 2022 இல் லீக்கின் அடிச் சராசரி 0.243 ஆக, 1968 இன் பின்னர் மிகத் தாழ்ந்தது. பார்வையாளர் சலிப்படைவரென அஞ்சிய உடைமையாளர்கள் 2023 இல் எறிவதற்கு நேரவரம்பு விதித்தனர். களத்தடுப்பாளரைக் கணிப்பின்படி ஒரு பக்கமாகக் குவிப்பதையும் தடுத்தனர். ஆட்ட நேரம் சராசரியாக 24 நிமிடம் குறைந்தது. ஒவ்வொரு கழகமும் தனித்தனியே பகுத்தறிவோடு கணித்ததன் கூட்டுவிளைவு, விற்பனைப் பண்டத்தையே பழுதாக்கியது. முதலாளித்துவ உற்பத்தியின் ஒழுங்கின்மைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு ஒரு பொழுதுபோக்குத் தொழிலிற் கிடைப்பது அரிது.

சேமப்பட்டாளம் எனக் குறித்தோரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சிறு லீக்குகளில் இணைந்த கழகங்கள் 160 ஆக இருந்தன. 2021 இல் அவை 120 ஆகக் குறைக்கப்பட்டன. இளைஞரை அளந்து மதிப்பிடப் புதிய கருவிகள் இருக்கையில் இத்தனை கழகங்கள் எதற்கு என்னும் வாதம் அப்பொழுது செல்வாக்குப் பெற்றிருந்தது. 2022 ஓகஸ்ற் இறுதியிற் சிறு லீக் ஆட்டக்காரரிடையே சங்க அட்டைகள் விநியோகிக்கப்பட்டன. சில வாரங்களிற் பெரும்பான்மையோர் ஒப்பமிட்டு, பெரும் லீக்கினரின் சங்கத்திலேயே இணைந்தனர்.  2023 இல் ஏற்பட்ட அவர்களது முதல் உடன்படிக்கையின்படி, ஆரம்பநிலை ஆட்டக்காரரின் ஆகக் குறைந்த ஆண்டு வேதனம் 4,800 டொலரிலிருந்து 19,800 டொலராகவும், மேல்நிலையில் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராகவும் உயர்ந்தது. அதே உடன்படிக்கையின் இன்னொரு பிரிவின்படி, ஒவ்வொரு கழகமும் உள்நாட்டிற் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடிய சிறு லீக் ஆட்டக்காரரின் தொகை 2024 முதல் 180 இலிருந்து 165 ஆகக் குறைக்கப்பட்டது.